வீடு நகராது, எல்லைக்கோடு நகரும்!

நல்ல பள்ளிக்கூடம் வேண்டும் என்று அமெரிக்கக் குடும்பங்கள் கொடுக்கும் விசித்திர மனு

ஒரே தெரு. தெருவின் இரண்டு பக்கமும் வீடுகள். எல்லாம் ஒரே மாதிரி வீடுகள். அங்கே குடியிருப்பவர்கள் ஒரே கடையில்தான் சாமான் வாங்குகிறார்கள். பிள்ளைகள் மாலையில் ஒன்றாகத்தான் பந்து விளையாடுகிறார்கள்.

ஆனால் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது மட்டும் பிரிந்து விடுகிறார்கள்! கிழக்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பஸ். மேற்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேறு பஸ். இரண்டும் வேறு வேறு பள்ளிக்கூடங்களுக்குப் போகின்றன.

ஏன் இப்படி? தெருவின் நடுவே ஒரு கோடு ஓடுகிறது. அது கண்ணுக்குத் தெரியாத கோடு. வரைபடத்தில் மட்டும் இருக்கும் கோடு. "பள்ளி வட்டாரம்" என்று அதற்குப் பெயர்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட இடங்கள் பல உண்டு. அங்கே கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் சிலர் ஒன்று கூடுகிறார்கள். ஒரு மனு எழுதுகிறார்கள்.

"எங்கள் வீடுகளை அடுத்த பள்ளி வட்டாரத்தில் சேர்த்து விடுங்கள்" என்பதுதான் மனு!

அவர்கள் வீட்டை விற்கப் போவதில்லை. சாமான்களை ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போகப் போவதும் இல்லை. வீடு இருந்த இடத்திலேயே இருக்கும். கோடு மட்டும் நகர வேண்டும். அதுதான் அவர்கள் கேட்பது.

கேட்பதற்கு இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் இந்த மனு வந்தால் இரண்டு வட்டாரங்களும் கொதித்து எழுகின்றன. கூட்டம் கூடுகிறது. வக்கீல்கள் வருகிறார்கள். சில மனுக்கள் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கின்றன.

ஒரு கோட்டுக்கு இவ்வளவு சண்டையா? அந்தக் கோட்டோடு என்ன கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் ஆச்சரியம் இருக்காது.

பள்ளி வட்டாரம் என்றால் என்ன?

அமெரிக்காவில் அரசாங்கப் பள்ளிக்கூடங்களை மத்திய சர்க்கார் நடத்துவதில்லை. பெரும்பாலான இடங்களில் நகரசபையும் நடத்துவதில்லை. அதற்கென்று தனியாக ஒரு சபை இருக்கிறது. அதுதான் பள்ளி வட்டாரத்தின் சபை.

அநேக இடங்களில் இந்தச் சபையின் உறுப்பினர்களை மக்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆசிரியர்களை நியமிப்பது இந்தச் சபை. கட்டிடம் கட்டுவது இந்தச் சபை. பஸ் விடுவதும் இந்தச் சபைதான்.

பள்ளி வட்டாரத்தின் எல்லையும் ஊரின் எல்லையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது இல்லை. ஒரே நகரத்துக்குள் இரண்டு மூன்று பள்ளி வட்டாரங்கள் இருக்கலாம். ஒரே வட்டாரத்துக்குள் நாலைந்து சிற்றூர்கள் இருக்கலாம். வீட்டு முகவரியில் ஒரு ஊரின் பெயர் இருக்கும். பிள்ளை படிப்பது வேறு ஊர்ப் பள்ளிக்கூடமாக இருக்கும்!

1939-40-ம் ஆண்டில் அமெரிக்காவில் சுமார் 1 லட்சத்து 17 ஆயிரம் பள்ளி வட்டாரங்கள் இருந்தன. ஒரே அறை, ஒரே ஆசிரியர் என்ற அளவில் சிறு பள்ளிக்கூடங்கள் கிராமந்தோறும் இருந்த காலம் அது. பிறகு அவை ஒன்றோடு ஒன்று சேர்க்கப்பட்டன. 1970-71-ல் வட்டாரங்களின் எண்ணிக்கை சுமார் 18 ஆயிரமாகக் குறைந்தது. இப்போது சுமார் 13 ஆயிரம் இருக்கின்றன.

இப்படிச் சேர்த்தபோது பழைய எல்லைகள் பல அப்படியே நின்று விட்டன. ஒரு காலத்தில் பண்ணையின் வேலியைப் பார்த்துப் போட்ட கோடு இன்று குடியிருப்பின் நடுவே ஓடுகிறது. பண்ணை போய்விட்டது. வேலியும் போய்விட்டது. கோடு மட்டும் போகவில்லை.

கோட்டோடு ஓடும் பணம்

இனி முக்கியமான விஷயத்துக்கு வரலாம். அதுதான் பணம்.

பள்ளிக்கூடம் நடத்தப் பணம் எங்கிருந்து வருகிறது? 2018-19-ம் ஆண்டுக் கணக்கு இது. மொத்த வருமானம் 100 டாலர் என்று வைத்துக்கொண்டால், மத்திய சர்க்கார் கொடுத்தது சுமார் 8 டாலர். மாநில சர்க்கார்கள் கொடுத்தது சுமார் 47 டாலர். மீதி 45 டாலரும் உள்ளூரில் வசூலானது. உள்ளூரில் வசூலாவதில் பெரும் பகுதி சொத்து வரி. அதாவது வீடு, நிலம், கடை, தொழிற்சாலை இவற்றின் மதிப்பைப் பார்த்துப் போடும் வரி.

ஆகவே வட்டாரத்துக்குள் விலை உயர்ந்த வீடுகள் இருந்தால் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கொட்டும். விலை குறைந்த வீடுகள் இருந்தால் பணம் சொட்டும்.

இதற்கு ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ என்று ஒரு பெரிய நகரம். அந்த நகரப் பகுதியில் பல பள்ளி வட்டாரங்கள் உண்டு. அவற்றில் ஒன்று எட்ஜ்வுட். இன்னொன்று அலமோ ஹைட்ஸ்.

எட்ஜ்வுட் ஏழைகள் வாழும் பகுதி. அங்கே படித்தவர்களில் 100-க்கு 90 பேர் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள். அலமோ ஹைட்ஸ் வசதி படைத்தவர்கள் வாழும் பகுதி. அங்கே பெரும்பாலும் வெள்ளையர்கள்.

1967-68-ம் ஆண்டில் எட்ஜ்வுட்டில் இருந்த சொத்து மதிப்பை மாணவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு 5,960 டாலர். அலமோ ஹைட்சில் தலைக்கு 49 ஆயிரம் டாலருக்கு மேல்!

எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்துக்கு 1 டாலர் 5 சென்ட் வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியது 85 சென்ட்தான். ஏழைகளுக்குத்தான் வரி விகிதம் அதிகம்!

பலன் என்ன? மாநிலத் திட்டத்துக்குச் சேர வேண்டிய பங்கு போக எட்ஜ்வுட்டின் உள்ளூர் வரியில் மிஞ்சியது ஒரு மாணவனுக்கு 26 டாலர். அலமோ ஹைட்சில் மிஞ்சியது 333 டாலர். மாநில உதவி, மத்திய உதவி எல்லாவற்றையும் சேர்த்த பிறகும் எட்ஜ்வுட் மாணவனுக்கு 356 டாலர்தான். அலமோ ஹைட்ஸ் மாணவனுக்கு 594 டாலர்.

அதிக விகிதத்தில் வரி கட்டினார்கள். குறைந்த படிப்பைப் பெற்றார்கள். இதை எதிர்த்து எட்ஜ்வுட் பெற்றோர்கள் 1968-ம் ஆண்டு வழக்குத் தொடர்ந்தார்கள். 1973-ம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. 5 நீதிபதிகள் ஒரு பக்கம். 4 நீதிபதிகள் மறு பக்கம். "இந்த ஏற்பாடு நாட்டின் அரசியல் சட்டத்துக்கு விரோதம் அல்ல" என்று ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தீர்ப்பானது. பெற்றோர்கள் தோற்றார்கள்.

எல்லைக்கோட்டின் பலம் இதில் இருந்து தெரிகிறது.

மனு கொடுப்பது யார்?

கோட்டை நகர்த்தச் சொல்லி மனு கொடுப்பவர்கள் பல வகை.

முதல் வகை, தூரத்தால் தவிப்பவர்கள். அடுத்த வட்டாரத்தின் பள்ளிக்கூடம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் பிள்ளை தன் வட்டாரப் பள்ளிக்கூடத்துக்குப் போக மலையையோ ஆற்றையோ சுற்றிக்கொண்டு பஸ்சில் நெடுநேரம் போகவேண்டும். குளிர் காலத்தில் இருட்டிலே கிளம்பி இருட்டிலே திரும்ப வேண்டும். இவர்களுடைய மனுவைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது வகை, வாழ்க்கை எல்லாம் அடுத்த ஊரோடு பிணைந்தவர்கள். கடை அங்கே. மாதா கோவில் அங்கே. டாக்டர் அங்கே. பிள்ளைகளின் தோழர்கள் அங்கே. பள்ளிக்கூடம் மட்டும் வேறு ஊரில். "நாங்கள் எந்த ஊர்க்காரர்கள்?" என்று இவர்கள் கேட்கிறார்கள்.

மூன்றாவது வகை, பள்ளிக்கூடத்தின் தரத்தைப் பார்ப்பவர்கள். அடுத்த வட்டாரத்தில் பரீட்சை மார்க்கு அதிகம். நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். "என் பிள்ளையும் அங்கே படிக்கட்டுமே" என்பது பெற்றோரின் ஆசை. இதுவும் இயற்கைதான்.

நான்காவது வகை, நிலத்தைப் பார்ப்பவர்கள். பெரிய மனையை வாங்கி வீடு கட்டி விற்கும் கம்பெனிகள் இதில் உண்டு. வீட்டுச் சொந்தக்காரர்களும் உண்டு. நல்ல பள்ளி வட்டாரத்துக்குள் வந்தால் அதே வீட்டுக்கு விலை ஏறும்!

எவ்வளவு ஏறும்? சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார நிபுணர் பாஸ்டன் நகரத்தின் புறநகர்களை ஆராய்ந்தார். கோட்டுக்கு இந்தப் பக்கத்து வீடுகளையும் அந்தப் பக்கத்து வீடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஆரம்பப் பள்ளியின் பரீட்சை மார்க்கு 100-க்கு 5 பங்கு கூடினால், பெற்றோர்கள் வீட்டுக்கு 100-க்கு சுமார் இரண்டரைப் பங்கு அதிக விலை கொடுக்கிறார்கள் என்று கண்டார். 1999-ம் ஆண்டு அந்த ஆராய்ச்சி வெளிவந்தது.

அமெரிக்காவில் வேலைக்குப் போயிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது நன்றாகத் தெரியும். வீடு பார்க்கப் போகும்போது சமையல் அறை எப்படி என்று கேட்பதற்கு முன் "பள்ளி வட்டாரம் எது?" என்று கேட்பவர்கள் அவர்களில் உண்டு.

மனுவின் பயணம்

மனு கொடுத்தவுடன் கோடு நகர்ந்து விடுமா? அதுதான் இல்லை.

ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு சட்டம். கலிபோர்னியாவில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பிரிய விரும்பும் பகுதியில் மக்கள் வசித்தால், அங்கே உள்ள வாக்காளர்களில் 100-க்கு 25 பேராவது மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் குடியில்லாத வெறும் நிலமாக இருந்தால் நிலத்தின் சொந்தக்காரர் மனு கொடுக்கலாம்.

மனு ஜில்லா அதிகாரியிடம் போகிறது. கையெழுத்துகளைச் சரி பார்க்கிறார்கள். பிறகு ஜில்லா கமிட்டி பொது விசாரணை நடத்துகிறது. அங்கே யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். மனுக்காரர்களும் பேசலாம். அவர்கள் பிரிந்து போனால் நஷ்டப்படும் வட்டாரத்தாரும் பேசலாம்.

கமிட்டி 9 கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது.

மாற்றத்துக்குப் பிறகு இரண்டு வட்டாரத்திலும் போதுமான மாணவர்கள் இருப்பார்களா? மக்கள் ஒரே சமூகமாக இருப்பார்களா? சொத்துக்கள் நியாயமாகப் பிரியுமா? இன வேற்றுமை வளருமா? மாநில சர்க்காருக்குச் செலவு கூடுமா? பாட திட்டம் கெடுமா? புதுக் கட்டிடம் கட்டும் செலவு ஏறுமா? வீட்டு விலையை ஏற்றுவதற்காகவே கொடுத்த மனுவா? வட்டாரத்தின் வரவு செலவு பாதிக்கப்படுமா?

இந்த 9-ல் எட்டாவது கேள்வியைக் கவனிக்க வேண்டும். "பிள்ளையின் படிப்புக்காக" என்று மனுவில் எழுதியிருக்கும். உள்ளே வீட்டு விலை ஒளிந்திருக்கும். இதைத் தெரிந்துதான் சட்டம் செய்தவர்கள் அந்தக் கேள்வியை எழுதி வைத்திருக்கிறார்கள்.

இத்தனையும் தாண்டிய பிறகும் எதிர்ப்பு இருந்தால் ஓட்டெடுப்புக்குப் போகலாம். அப்போது இன்னொரு தகராறு. யாருக்கு ஓட்டு? பிரிந்து போகும் பகுதிக்கு மட்டுமா? பழைய வட்டாரம் முழுவதற்குமா? போகிறவர்களுக்கு மட்டும் ஓட்டு என்றால் மனு ஜெயிக்கும். எல்லோருக்கும் ஓட்டு என்றால் அநேகமாகத் தோற்கும். இதைப் பற்றியே வழக்குகள் நடந்திருக்கின்றன.

வாஷிங்டன் மாநிலத்தில் சட்டம் இன்னும் கடுமை. அங்கே பிரிய விரும்பும் பகுதியின் வாக்காளர்களில் பாதிப் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டால்தான் மனு ஏற்கப்படும்.

நிற்பவர்கள் நிலை என்ன?

"பத்து வீடு போனால் என்ன குடி முழுகிப் போகும்?" என்று கேட்கத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

ஒரு வட்டாரத்தில் 1,000 வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு ஆண்டுக்கு 3 ஆயிரம் டாலர் பள்ளி வரி. மொத்தம் 30 லட்சம் டாலர். இதில் 100 வீடுகள் பிரிந்து போகின்றன. 3 லட்சம் டாலர் போய்விட்டது.

"பிள்ளைகளும் போகிறார்களே! செலவும் குறையுமே!" என்று மனுக்காரர்கள் சொல்லுவார்கள்.

அந்த 100 வீடுகளில் 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால், அவர்கள் பாலர் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை 13 வகுப்புகளில் இருப்பார்கள். வகுப்புக்கு மூன்று பேர்தான் குறைவார்கள். மூன்று பேர் குறைந்ததற்காக ஒரு ஆசிரியரை நிறுத்த முடியுமா? கட்டிடத்தில் பாதி விளக்கை அணைக்க முடியுமா? பஸ்சை அரை தூரம் ஓட்ட முடியுமா? வருமானம் உடனே குறையும். செலவு உடனே குறையாது.

மாநில உதவியும் பெரும்பாலும் மாணவர் எண்ணிக்கையை ஒட்டியே வருகிறது. ஆகவே 40 பிள்ளைகள் போனால் அந்த உதவியும் குறையும்.

கடன் விஷயம் இன்னும் சங்கடமானது. பள்ளிக்கூடம் கட்ட வட்டாரங்கள் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் வாங்குகின்றன. பல ஆண்டுகள் அதை வரியில் இருந்து அடைக்க வேண்டும். கலிபோர்னியா சட்டப்படி, பிரிந்து போகும் பகுதியில் பள்ளிக்கூடக் கட்டிடம் எதுவும் இல்லாவிட்டால், அந்த வீடுகள் பழைய வட்டாரத்தின் கடனில் இருந்து விடுபடுகின்றன. புதிய வட்டாரத்தின் கடனில் பங்கு ஏற்கின்றன.

சட்டப்படி அது சரி. ஆனால் பழைய வட்டாரத்தில் 1,000 வீடுகள் சேர்ந்து வாங்கிய கடனை இனி 900 வீடுகள் அடைக்க வேண்டும். பிரிந்து போகும் துண்டில் ஒரு பெரிய தொழிற்சாலையோ கடைவீதியோ இருந்தால் சுமை இன்னும் கூடும்.

போகிறவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். நிற்பவர்கள் பணம் கட்டுகிறார்கள். சண்டையின் வேர் இதுதான்.

ஒரு தராசு

அப்படியானால் நியாயம் எது? இல்லினாய்ஸ் மாநிலத்தின் சுப்ரீம் கோர்ட்டு 1992-ம் ஆண்டு ஒரு வழக்கில் இதற்கு ஒரு தராசைக் காட்டியது.

மனு கொடுத்த பகுதிக்கும் அதைச் சேர்த்துக்கொள்ளும் வட்டாரத்துக்கும் கிடைக்கும் நன்மையை ஒரு தட்டில் வைக்க வேண்டும். வீடுகளை இழக்கும் வட்டாரத்துக்கும் சுற்றி உள்ள சமூகத்துக்கும் வரும் தீமையை மறு தட்டில் வைக்க வேண்டும். நன்மையின் தட்டு தெளிவாகத் தாழ்ந்தால்தான் மனுவை ஏற்க வேண்டும்.

"எங்களுக்கு அங்கே போக ஆசை" என்பது மட்டும் போதாது. ஆசை வேறு. பிள்ளையின் கல்வி நலன் வேறு.

இது நல்ல தராசுதான். ஆனாலும் நிறுப்பது கஷ்டம். ஒரு பிள்ளை தினம் பஸ்சில் வீணாக்கும் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை டாலர் எடை? அதை எந்தக் கோர்ட்டும் எளிதில் சொல்லி விட முடியாது.

கோட்டுக்குப் பின்னால் நிறம்

இந்தக் கதையில் இருட்டான பக்கம் ஒன்று உண்டு. அது நிறவெறி.

1954-ம் ஆண்டு மே மாதம் 17-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு ஒரு மகத்தான தீர்ப்பைக் கூறியது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், கறுப்பு இனப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம் என்று பிரிப்பது சட்ட விரோதம் என்பதே அந்தத் தீர்ப்பு.

பள்ளிக்கூட வாசலில் பிரிக்க முடியாமல் போயிற்று. உடனே சில இடங்களில் கோட்டைப் போட்டுப் பிரிக்கப் பார்த்தார்கள்!

விர்ஜினியா மாநிலத்தில் எம்போரியா என்று ஒரு சிறிய நகரம். சுற்றிலும் உள்ள ஜில்லாவோடு சேர்ந்து பள்ளிக்கூடம் நடத்தி வந்தது. எல்லா நிறத்துப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்க்கும்படி கோர்ட்டு உத்தரவு போட்டது. உடனே நகரம், "நாங்கள் தனிப் பள்ளி வட்டாரம் ஆகிறோம்" என்றது. 1972-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு அதைத் தடுத்தது. அதுவும் 5-க்கு 4 என்ற கணக்கில்தான்.

ஆனால் 1974-ல் வேறொரு தீர்ப்பு வந்தது. டெட்ராயிட் நகரத்தில் கறுப்பு இனப் பிள்ளைகள் அதிகம். சுற்றியுள்ள புறநகர்களில் வெள்ளைப் பிள்ளைகள் அதிகம். டெட்ராயிட்டையும் 53 புறநகர் வட்டாரங்களையும் சேர்த்துப் பிள்ளைகளைக் கலந்து படிக்க வைக்க கீழ்க் கோர்ட்டு திட்டமிட்டது. சுப்ரீம் கோர்ட்டு அதை நிராகரித்தது. புறநகர் வட்டாரங்கள் தப்புச் செய்ததாக நிரூபிக்கப்படாதபோது எல்லையைத் தாண்டி உத்தரவு போட முடியாது என்றது. இதிலும் 5-க்கு 4!

அன்று முதல் அந்தக் கோடு சுவராகி விட்டது என்று பலர் குறை கூறுகிறார்கள்.

இது பழைய கதை என்று தள்ளி விட முடியாது. அலபாமா மாநிலத்தில் கார்டன்டேல் என்ற ஊர் ஜெபர்சன் ஜில்லா வட்டாரத்தில் இருந்து பிரியப் பார்த்தது. அங்கே பெரும்பான்மையோர் வெள்ளையர்கள். 2017-ம் ஆண்டு ஒரு பெண் நீதிபதி, பிரிவினைக்குப் பின்னால் இன நோக்கம் இருக்கிறது என்று கண்டார். ஆனாலும் படிப்படியாகப் பிரிய ஓரளவு அனுமதித்தார். 2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அப்பீல் கோர்ட்டு அந்த அனுமதியை ரத்து செய்தது. கார்டன்டேல் முயற்சியைக் கைவிட்டது.

கோட்டை நகர்த்தக் கேட்பவர்கள் எல்லோரும் நிறவெறியர்கள் அல்ல. அப்படிச் சொல்லுவது பெரும் அநியாயம். ஆனால் கோடு எங்கே நகர்ந்தாலும், யார் சேர்கிறார்கள், யார் விடுபடுகிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. கலிபோர்னியாவின் 9 கேள்விகளில் ஒன்று இதைப் பற்றி இருப்பதற்குக் காரணம் இந்தச் சரித்திரம்தான்.

மனு கொடுக்க முடியாதவர்கள்

எல்லைக்கு நடுவில் தனியாக மாட்டிக்கொண்ட ஏழைக்கு மனு கைகொடுக்காது. பக்கத்து வட்டாரத்தை ஒட்டி இருக்கும் வீடுகளுக்குத்தான் இந்த வழி. அதுவும் வக்கீல் செலவு செய்யவும், கூட்டம் கூட்டமாக அலையவும் முடிந்தவர்களுக்குத்தான்.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? சிலர் பொய் முகவரி கொடுக்கிறார்கள்.

ஓஹயோ மாநிலத்தில் ஒரு தாய், தன் இரண்டு பெண் குழந்தைகளையும் வேறு வட்டாரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தன் தகப்பனாரின் முகவரியைக் கொடுத்தார். 2011-ம் ஆண்டு அவருக்கு ஜெயில் தண்டனை கிடைத்தது! நாடு முழுவதும் பேச்சானது. அதே ஆண்டு செப்டம்பர் மாதம் மாநில கவர்னர் தலையிட்டு, பெருங்குற்றம் என்று இருந்ததைச் சிறு குற்றமாகக் குறைத்தார்.

வீட்டைப் புது வட்டாரத்தில் சேர்க்க மனு கொடுத்தால் அது உரிமை. பிள்ளையைப் புது வட்டாரத்தில் சேர்க்க முகவரி மாற்றினால் அது குற்றம். இரண்டு பெற்றோருக்கும் ஆசை ஒன்றுதான். ஒருவருக்கு எல்லை ஓரத்தில் வீடு இருக்கிறது. மற்றவருக்கு இல்லை.

சட்டப்படி வேறு வழியும் உண்டு. 1988-ம் ஆண்டு மினசோட்டா மாநிலம் ஒரு சட்டம் செய்தது. கோடு இருந்த இடத்தில் இருக்கட்டும். பிள்ளை மட்டும் வேறு வட்டாரத்துக்குப் போய்ப் படிக்கலாம் என்றது. பிறகு பல மாநிலங்கள் இப்படிச் சட்டம் செய்தன. ஆனால் "இங்கே இடம் இல்லை" என்று அந்தப் பள்ளி கை விரிக்கலாம். தினம் பிள்ளையைக் கொண்டுபோய் விடும் பொறுப்பும் பல இடங்களில் பெற்றோர் தலையில்தான் விழும். கார் இல்லாத குடும்பத்துக்கு அந்தக் கதவு பாதிதான் திறக்கும்.

முடிச்சை அவிழ்த்தால்...

நோயின் காரணம் கோடு அல்ல. எங்கேயாவது ஒரு கோடு இருக்கத்தான் செய்யும். கோட்டோடு பணத்தை முடிச்சுப் போட்டு வைத்திருப்பதுதான் காரணம். அந்த முடிச்சைத் தளர்த்தச் சில மாநிலங்கள் முயன்றிருக்கின்றன.

1973-ல் தோற்றுப்போன எட்ஜ்வுட் அதோடு அடங்கி விடவில்லை. மறுபடியும் வழக்குப் போட்டது. இந்தத் தடவை டெக்சாஸ் மாநிலத்தின் சொந்த அரசியல் சட்டத்தைக் காட்டிக் கேட்டது. 1989-ம் ஆண்டு டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஏகமனதாக, "இந்தப் பண ஏற்பாடு செல்லாது" என்று தீர்ப்பளித்தார்கள்.

அதன் பலனாக 1993-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. சொத்து அதிகம் உள்ள வட்டாரங்களின் வரிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து மற்ற வட்டாரங்களுக்குக் கொடுக்கும் சட்டம் அது. பணக்காரரிடம் எடுத்து ஏழைக்குக் கொடுத்த ராபின் ஹூட் பெயரால் அதை மக்கள் அழைக்கிறார்கள். அதைப் பற்றி இன்றும் டெக்சாசில் சர்ச்சை உண்டு. பணக்கார வட்டாரங்கள் முணுமுணுக்கின்றன. ஆனாலும் ஏற்பாடு நடந்து வருகிறது.

பணம் சமமானால் எல்லாம் சமமாகி விடுமா? ஆகாது. நல்ல ஆசிரியர் வேண்டும். வீட்டில் படிக்கும் சூழ்நிலை வேண்டும். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கமும் நல்ல பள்ளிக்கூடம் இருந்தால், கோட்டைத் தாண்டத் துடிப்பவர்கள் குறைவார்கள். மிஞ்சும் மனுக்கள் மலையையும் ஆற்றையும் பஸ்சையும் பற்றியவையாக இருக்கும். அவற்றைத் தீர்ப்பது சுலபம்.

இன்று ஜில்லா கமிட்டியின் மேஜைக்கு வரும் மனுவில் நாலு தெருவின் பெயரும் கொஞ்சம் கையெழுத்துகளும் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டவர்களின் பிள்ளைகள் யார் என்று கமிட்டிக்குத் தெரியும். அவர்கள் போன பிறகு பழைய பள்ளிக்கூடத்தில் மிஞ்சப்போகும் பிள்ளைகளின் பெயர் அந்தக் காகிதத்தில் இல்லை.

அவர்களையும் எண்ணிப் பார்த்துச் சொல்லும் தீர்ப்புதான் நியாயமான தீர்ப்பு.